நாகராசு பிளேன் ஏறின கதை

எங்கள் பக்கத்தில் யாராவது ஒரு காரியத்துக்குப் புறப்பட்டுப் பாதியில் திரும்பிவிட்டால், "நாகராசு பிளேன் ஏறின மாதிரி" என்பார்கள். பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஒரே மாதத்தில் ஓடிவந்த பையனுக்கும் அதுதான் பேர், பெண் பார்க்க வந்து தெருமுனையோடு திரும்பிய மாப்பிள்ளைக்கும் அதுதான் பேர். கறம்பக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மா ஒருத்தி சொன்னதை நானே கேட்டேன். நாகராசு யாரென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற மனிதர்.

அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று டீக்கடை சவரியப்பனிடம் விசாரித்தேன்.

"என் கடைலதான் அக்கா! சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு மொத நாளே பையத் தூக்கிக்கிட்டுப் போன மனுசன், மறுநா கடைசி பஸ்ஸுல அதே பையோட எறங்குறாரு. 'என்ன மச்சான், பிளேனப் பாத்ததும் பயந்துட்டீரா?'ன்னேன். ஆமான்னு தலைய ஆட்டுனாரு. நாங்க சிரிச்ச சிரிப்புல பாய்லரே ஆடிருச்சு."

"நெசமாவே பயந்தாரா?"

"அவரே ஆமான்னாருல்ல? அப்பறம் என்ன?"

போன தை மாதம் நாகராசு அண்ணனின் மகள் திலகவதி, சிங்கப்பூரிலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு அப்பா அம்மாவை வரச்சொன்னாள். டிக்கெட்டும் எடுத்து அனுப்பினாள். ஊருக்கே கொண்டாட்டம். "மாமா, பிளேனுக்குக் கண்ணக் கட்டிக்கிட்டு ஏறுங்க" என்று ஒருவர். "கடைசி பஸ்ஸுக்கு எடம் போட்டு வைக்கவா?" என்று இன்னொருவர். அவர் சிரித்துக்கொண்டே போவார், வீட்டுக்குள் வந்ததும் முகம் விழுந்துவிடும்.

"இந்தத் தடவ ஏறிட்டேன்னா அந்தப் பேச்சு செத்துப்போகும் தங்கச்சி. இத்தன வருசமா என் பேரு என்கிட்ட இல்ல" என்றார்.

"அன்னைக்கு எதுக்குண்ணே அப்புடிப் பயந்தீங்க?"

அவர் மனைவி அழகி மதினி அவர் முகத்தைப் பார்த்தார். அண்ணன் நடந்ததைச் சொன்னார்.

எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் நேரத்தில் யார் ஊர் எல்லைக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் தேர் முடியும்வரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் படுக்கைக்கு ஊர் திரும்பிவிட வேண்டும். அந்த வருசம் காப்புக் கட்டுக்கு மறுநாள் விடிகாலை அவருக்குப் பிளேன். அதனால்தான் காப்புக்கு முந்தின நாளே கிளம்பி, கறம்பக்குடியில் மாமன் வீட்டில் தங்கினார். ஆனால் அம்மன் திருநீறு இல்லாமல் கடல் தாண்ட மனம் கேட்கவில்லை. காப்பு சாயங்காலந்தானே என்று மறுநாள் மத்தியானம் கோயிலுக்கு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். மழை கறுத்துக்கொண்டு வரவே பூசாரி முன்னாடியே காப்பைக் கட்டிவிட்டார். தட்டோடு வந்த பையன் இவர் நீட்டிய கையில் திருநீறு போடவும் அம்மன் கையில் மஞ்சள் கயிறு ஏறவும் சரியாக இருந்தது. கொட்டுச் சத்தத்தில் இவரை யாரும் கவனிக்கவில்லை.

"யாருக்கும் தெரியாது, போயிருவோம்னுதான் திருச்சி வரைக்கும் போனேன். அவளுக்குத் தெரியுமே! ஏர்போர்ட் வாசல்ல காலு நகல மாட்டேங்குது. திரும்பிட்டேன்."

"இதச் சவரியப்பன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன பேசுவாங்க? மாரியம்மன் அவன் பொழப்பக் கெடுத்துட்டாம்பாங்க. எனக்குக் கெட்ட பேருன்னா என்னோட போகும். ஆத்தாளுக்கு வரலாமா?"

நான் இதை எழுதப்போகிறேன் என்றபோதும், "ஆத்தா மேல குத்தம் வராம எழுதுங்க" என்று மட்டும்தான் சொன்னார். குற்றம் எப்படி வரும்? பெற்றவள் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவதில்லையா? காப்பும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கதவுக்குள் அகப்பட்டவர் பட்ட பாட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

மாசியில், காப்புக்கு வெகுநாள் முன்பே, இருவரும் பிளேன் ஏறினார்கள். பேத்தி பிறந்தாள். அங்கே நடந்ததைத் திரும்பி வந்தபிறகு அழகி மதினி சொன்னார்.

ஒருநாள் மருமகனின் சிநேகிதன், கந்தர்வகோட்டைப் பக்கத்துப் பையன் விக்ரம், சாப்பிட வந்திருக்கிறான். வீடு வாங்குகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பின்வாங்கும் யாரையோ பற்றிப் பேச்சு. "அவனா? நாகராசு பிளேன் ஏறின மாதிரிதான்" என்று சிரித்தானாம்.

பேத்தியை மடியில் வைத்திருந்த அண்ணன், "யாரு தம்பி அந்த நாகராசு?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரோ அந்தக் காலத்து ஆளு அங்கிள். இப்ப செத்துக்கூடப் போயிருப்பாரு. பயந்துக்கிட்டு ஏர்போர்ட்டுலேருந்து ஓடியாந்துட்டாராம்."

திலகவதி வாயைத் திறந்தாள். அண்ணன் வேண்டாமென்று தலையசைத்தார்.

"ஆமா தம்பி, மொதத் தடவன்னா பயமாத்தான் இருக்கும்" என்றார்.

விக்ரம் சாப்பிட்டுக் கிளம்புகிற வரைக்கும் திலகவதி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லையாம்.