அர்வெல்லா அக்கா துப்பாக்கி வாங்கிய கதை

எங்கள் கென்டக்கி மலையூரில் பல் முளைக்கும் முன்பே துப்பாக்கி பற்றிக் கருத்து முளைத்துவிடும். அதனால் அர்வெல்லா டாக்கெட் எழுபத்தோரு வயதில் முதல் கைத்துப்பாக்கி வாங்கப்போகிறார் என்று தெரிந்ததும், ஊரே நிபுணர் குழுவாகிவிட்டது.

அக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் பிஸ்கட் சுட்டு, குழம்பு கிளறி ஓய்வு பெற்றவர். கணவர் ஆர்லன் இறந்த பிறகு மேட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். பக்கத்து வீடு எங்களுடையது. பக்கம் என்றால், கத்திக் கூப்பிட்டாலும் கேட்காத பக்கம்.

போன மாதம் கீழ்த்தெருவில் ஒரு கொட்டகையை உடைத்து ஜெனரேட்டரைத் திருடிக்கொண்டு போனார்கள். லெக்சிங்டன் நகரத்திலிருந்து மகன் ராய்ஸ் பறந்து வந்தான்.

"வீட்ட வித்துட்டு எங்களோட வந்துடும்மா. அஞ்சாவது மாடி, லிஃப்ட் இருக்கு."

"அங்க தக்காளிய எங்கடா நடுறது, லிஃப்ட்லயா? நான் துப்பாக்கி வாங்கிக்கறேன்."

"சரி, சனிக்கிழமை சுட்டுக் காட்டு. முடியலன்னா பெட்டியக் கட்டு."

அக்கா ஒப்புக்கொண்டார். நானும் துணைக்குக் கிளம்பினேன்.

சனிக்கிழமை துப்பாக்கிக் கடைக்குப் போனோம். பின்கட்டிலேயே சுடும் தளம் உண்டு. ஆர்லனின் தம்பி டென்சில் தானே தளபதியாகிக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு குட்டிப் பிஸ்டலை எடுத்தான்.

"அண்ணி, பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது. கைப்பைல பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கும்."

"திருடன் வீட்டுக்குத்தானேடா வர்றான், கைப்பைக்கா?"

டென்சில் காதில் ஏறவில்லை. எங்கள் ஊர் ஆண்களுக்கு இது ஒரு வியாதி. லேசான துப்பாக்கிதான் சுடும்போது கையைப் பின்னால் அதிகமாக உதைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெண்களுக்கு வாங்கும்போது மட்டும் மறந்துவிடும்.

தோட்டாவை உள்ளே தள்ள அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். அக்காவின் மூட்டுவலி விரல்களுக்கு அது அசையவில்லை. டென்சில் இழுத்துக் கொடுத்தான்.

"அப்ப திருடன் வந்தா, கொஞ்சம் இருப்பா, கொழுந்தனக் கூப்பிடறேன்னு சொல்லணுமா?"

சுட்டார். துப்பாக்கி எம்பியது. பக்கத்தில் சுடுபவர் குறி வைத்திருந்த மனித உருவ அட்டையில் ஓட்டை விழுந்தது. ராய்ஸ் கையைக் கட்டிக்கொண்டு, "பால்கனில தொட்டி வச்சுக்கலாம்மா" என்றான். அக்காவின் முகம் செத்துப்போனது. அந்தப் பூனைக்குட்டியைத் தூக்கி எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"துப்பாக்கில தப்பில்ல, நான் காட்டறேன்" என்று டென்சில் வாங்கிச் சுட்டான். சூடான காலித் தோட்டா உறை எகிறி அவன் சட்டைக் காலருக்குள் விழுந்தது. அடுத்த கணம் டென்சில் ஆடினான் பாருங்கள், பேய் பிடித்தவன் கெட்டான்! கையில் துப்பாக்கி. முனை எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தது. அத்தனை பேரும் தரையில் விழுந்தோம்.

"டென்சில்! கீழ வை!"

அக்காவின் குரல். ஒரு பள்ளிக்கூடத்தையே தட்டோடு வரிசையில் நிற்க வைத்த குரல். அவரும் எங்களோடு தரையில்தான் கிடந்தார், ஆனால் டென்சில் அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, அப்புறம்தான் சட்டையைக் கிழித்தான். கடைக்காரர் அவனை வெளியே அனுப்பினார்.

அக்கா பாவாடையைத் தட்டிக்கொண்டு கடைக்காரரிடம் போனார். "இருக்கறதுலயே கனமானதக் குடுப்பா. இழுக்கற வேலை இருக்கக் கூடாது. கனத்த சட்டிதான் அடுப்புல ஆடாம நிக்கும்."

பழைய எஃகு ரிவால்வர் ஒன்று வந்தது. இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாகச் சுட்டார். ஒன்றிரண்டு வெளியே போயின. மற்றவை அட்டையின் நெஞ்சில்.

ராய்ஸ் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "சரிம்மா. இங்கயே இரு."

"இருக்கேன். ஆனா நீ நெனச்ச நேரத்துக்குப் பின்கதவத் தொறந்துக்கிட்டு வர்றத நிறுத்து. போன் பண்ணிட்டு வா. எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது பாரு."

ராய்ஸ் போனை எடுத்து அம்மாவின் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

ரிவால்வர் இப்போது பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நேற்று நான் கேட்டேன், "ஏன்க்கா, எப்பவும் பூட்டியே கெடந்தா என்ன பிரயோசனம்?"

"வாங்கினதிலேருந்து ராய்ஸ் தினமும் போன் பண்றான்டி" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. "அவங்கப்பா போனப்பறம் நாள் கெழமைக்குக்கூட ஒரு போன் பண்ணாத பிள்ள."