மூன்றாவது கையெழுத்து

வின்சென்ற் அண்ணை படிக்கட்டை மேலிருந்து கீழாகத்தான் துடைப்பார். அவர் மனக்கணக்கில் படிக்கு ஓர் ஆண்டு. முதல் படியில் ஈரத்துணி விழும்போது 1588. யோஹான் ஹோல்ட்சர் என்ற லூத்தரன் இறையியல் பேராசிரியர் ஒரு சிறிய ஜெர்மன் நகரத்தில் பதவியேற்கிறார். ஒன்பதாம் படியில் பழைய கோமகன் சாகிறான். பதினேழாம் படியில் அடுத்தவன். முப்பத்திரண்டாம் படியில் பேராசிரியரே போய்ச் சேர்வார். அண்ணை துணியைப் பிழிந்துவிட்டுக் கழிவறைப் பக்கம் நடப்பார்.

ஆக்லாந்தில் ஓர் இறையியல் கல்லூரியின் நூலகம் அது. அண்ணை அங்கே துப்புரவுத் தொழிலாளி. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பதினான்கு ஆண்டுகள் குருமாணவருக்குத் திருச்சபை வரலாறு கற்பித்தவர். லத்தீனும் ஜெர்மனும் அறிந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, தம் இரண்டு பட்டங்களையும் நான்கு இடங்களில் நீட்டினார். நான்கு இடத்திலும் தகுதி அதிகம் என்றார்கள். ஐந்தாவது படிவத்தில், கல்வி என்ற கட்டத்தில் 'எட்டாம் வகுப்பு' என்று எழுதினார். மறுநாளே வாளி கொடுத்தார்கள். அதே கல்லூரியில் திருச்சபை வரலாற்று விரிவுரையாளர் இடம் ஓராண்டாகக் காலி. தகுதியானவர் கிடைக்கவில்லையாம். அந்த அறிவிப்பு இருக்கும் கண்ணாடிப் பலகையை அண்ணை திங்கள்தோறும் துடைக்கிறார்.

நகரின் த்ரீ கிங்ஸ் பகுதியில் வாடகை வீடு. சமையலறை மேசையில் பன்னிரண்டு கொப்பிகள்: ஹோல்ட்சரின் வாழ்க்கை வரலாறு. எல்லாம் பென்சிலில். மனைவி டோறின் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நிற்பவர்; கறித்தட்டு வைக்க இடமில்லாமல் கொப்பிகளை முழங்கையால் தள்ளுவார்.

"இஞ்சேருங்கோ, உங்கட செத்த புரொபசர் ரென்ற் கட்டுவாரோ?"

"பதினொரு பிள்ளையளை வளர்த்த மனிசன், டோறின்."

"வளர்த்தது அவற்ற மனிசி. அவவைப் பற்றி எத்தினை பக்கம் எழுதினீங்கள்?"

அண்ணை டோறினிடம் பொய் சொல்லத் தெரியாதவர். "அரைப் பக்கம்" என்றார்.

ஹோல்ட்சர் செய்த சாதனை, மூன்று கையெழுத்து. முதல் கோமகன் காலத்தில், திருவிருந்தின் அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறது என்று கையெழுத்திட்டால்தான் பேராசிரியர் வேலை. இரண்டாமவன் வந்து, அப்படி இல்லை என்று கையெழுத்து வாங்கினான். மூன்றாமவன் வந்ததும் உடல் மறுபடி அப்பத்துக்குள் வந்துவிட்டது. அப்பத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அரண்மனை முடிவுசெய்தது. மாவு பிசைந்தவனை எவரும் கேட்கவில்லை. ஹோல்ட்சர் மூன்று தாளிலும் கையெழுத்திட்டார். அதே வீடு, அதே சம்பளம், அதே நாற்காலி.

அண்ணையின் புத்தகம் அந்த மூன்றாவது கையெழுத்தில்தான் ஆறு வருடமாக நிற்கிறது. பன்னிரண்டாம் கொப்பியில் ஒரு பக்கத்தின் தலையில் 'கோழை' என்று அழுத்தி எழுதியிருக்கிறார். கீழே ஒன்றுமில்லை.

அவர் வீட்டுக்கு அடிக்கடி போகும் என்னிடம் ஒருநாள் கேட்டார்: "முதலாவது விசுவாசம், தம்பி. ரெண்டாவது பயம். மூண்டாவது என்ன? அப்ப ஆளுக்கு என்ர வயசு. எழும்பிப் போயிருக்கலாமெல்லோ?"

"பதினொரு பிள்ளைகள், அண்ணை."

"பிள்ளையள் எல்லாருக்கும் இருக்கு."

அவருக்கு இரண்டு பெண்கள்.

சென்ற மாசியில் அண்ணை ஒரு பாவம் செய்தார். நூலகத்தின் நூற்பட்டியல் அட்டைகள் இருக்கும் பெட்டியைத் துடைக்கும்போது, ஹோல்ட்சரின் ஆய்வுரை ஒன்று அவருடைய மாணவன் பெயரில் பதிந்திருப்பதைக் கண்டார். அந்தக் காலத்தில் பேராசிரியர் ஆய்வுரை எழுதுவார். மாணவன் சபையில் நின்று அதற்காக வாதாடுவான். முகப்பில் இருவர் பெயரும் அச்சாகும். பதிந்தவர் மாணவனையே ஆசிரியன் என்று நினைத்துவிட்டார். அண்ணையின் கை சும்மா இருக்கவில்லை. 'தவறு. எழுதியவர் ஹோல்ட்சர்' என்று ஆங்கிலத்தில் மூன்று வரி ஆதாரத்தோடு அந்த அட்டையிலேயே எழுதி வைத்தார்.

ஒரு மாதம் கழித்து நூலகர் அதே கையெழுத்தைத் துப்புரவு அலமாரியில் கண்டார். 'பிளீச் முடிந்துவிட்டது' என்று அண்ணை எழுதி ஒட்டிய தாள்.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றித் தாம் சிட்னி மாநாட்டில் கட்டுரை படிக்கப்போவதாகச் சொன்னார். பிறகு, வருத்தத்தோடு, ஒரு தாளை நகர்த்தினார். அதில் இரண்டே வாக்கியம்: என் கல்வி எட்டாம் வகுப்பு, அட்டையில் உள்ள குறிப்பு என்னுடையது அன்று. "உங்கள் நன்மைக்காகத்தான். குறிப்பு உங்களுடையது என்றால் படிவத்தில் நீங்கள் எழுதியது பொய்யாகிறது. பொய் சொன்னவருக்கு நான் வேலைக் கடிதம் தர முடியாதே." அந்தக் கடிதம் இல்லாமல் அண்ணை குடும்பத்துக்கு பி.ஆர். என்னும் நிரந்தர வதிவிடம் இல்லை. வெள்ளிக்கிழமை வரை அவகாசம். பொய் சொல்லாதவன் என்று காட்ட ஒரு பொய்யில் கையெழுத்து வைக்க வேண்டும். இறையியல் என்றால் சும்மாவா?

அன்று அண்ணையின் சமையலறையில் நான் கொதித்தேன். பத்திரிகைக்கு எழுதுவோம், தொழிற்சங்கத்துக்குப் போவோம் என்றேன்.

அண்ணை கொப்பியை மூடினார். "நீர் எழுதுவீர், தம்பி. உமக்கு பி.ஆர். கிடைச்சிட்டுதெல்லோ."



டோறின் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "வையுங்கோ கையெழுத்தை. நான் ஐஸ் அறைக்குள்ள நிண்டு விறைக்கிறது உங்கட லத்தீனுக்கோ?" பிறகு, "வைக்காட்டியும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார். அதுதான் அண்ணையை உடைத்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என் காரில்தான் போய் வந்தோம். உள்ளே ஏழு நிமிடம். திரும்பும் வழியில் சொன்னார்: "நல்ல பேனை, தம்பி. வழுக்கிக்கொண்டு போகுது."

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றவில்லை. பன்னிரண்டாம் கொப்பியை விரித்து, மகளின் பென்சில் பெட்டியிலிருந்து அழிறப்பரை எடுத்து, 'கோழை'யை அழித்தார். எழுத்து போய்விட்டது, ஆறு வருடத்துக்கு முன் அழுத்திய பள்ளம் போகவில்லை. அதன்மேல் திரும்பத் திரும்பத் தேய்த்தார், தாள் மெலியும் வரை. பிறகு றப்பர்த் தூளை மேசை ஓரத்துக்குக் கூட்டி, மற்றக் கையை ஏந்தி, ஒரு துகளும் கீழே விழாமல் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.