மெரிடியன் அச்சின் நாலாவது ஷாட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்களை உட்காரவைத்து நம்பவைக்க எனக்குப் பொறுமை கிடையாது. முப்பத்தொரு வருடம் பிளாஸ்டிக் வார்க்கும் மெஷின்களோடு குப்பை கொட்டியவன் நான். ஒரு சத்தம் கேட்டால் எந்த வால்வு என்று சொல்லிவிடுவேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காபி போடப் போய்விடுவேன். என் பெயர் வெண்டல் க்ரோஸ். இப்போது யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போவதில்லை.

2014 ஜனவரி 16, வியாழக்கிழமை. மிச்சிகனில் லான்சிங்குக்கு வெளியே ஹார்லன் என்பவரின் பட்டறை. நடுராத்திரி எல்லாம் இல்லை. மாலை நாலு மணிக்கு மேல் ஆரம்பித்து ஆறு அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிளாஸ்டிக் கார் கிட் தெரியுமல்லவா? டப்பாவில் உதிரியாக வரும், ஒட்டி முழுக் காராக்க வேண்டும். அதை வார்க்கிற எஃகு அச்சு ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் அதே அச்சைக் குடைந்து புது வருடத்துக் காராக மாற்றிவிடுவார்கள். போன வருடத்துக் கார் அத்தோடு போச்சு. தப்பியவற்றில் பாதி பழைய இரும்புக்குப் போனது. மீதி எந்தக் கிடங்கில் எந்தத் தப்பான நம்பரோடு கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1964 மெரிடியன் இரண்டு கதவுக் காரின் அச்சும் அப்படித்தான் செத்துவிட்டது என்று எல்லோரும் தலைமுழுகியிருந்தார்கள், லோர்னா ஹிக்ஸ்ட்ரா ஒருத்தியைத் தவிர.

லோர்னா என் முதலாளி. கம்பெனியில் நாங்கள் இரண்டே பேர். பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் கிட் வெளியிடுவதுதான் தொழில். மெரிடியனை ஆறு வருடம் தேடினாள். இடிக்கப்போகிற ஒரு கிடங்கில் கடைசியில் கிடைத்தது. கிடங்குக்காரர் ஒரு நாள்தான் கொடுத்தார். முழுசாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி வந்து உலைக்குக் கொண்டுபோய்விடும்.

அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய ஒரே வழிதான். மெஷினில் ஏற்றி, பிளாஸ்டிக்கை உருக்கி அடித்துப் பார்க்க வேண்டும். அதைத்தான் ஷாட் என்போம்.

"இது வரலேன்னா நான் கடையைச் சாத்திட வேண்டியதுதான், பெருசு," என்றாள் லோர்னா. அவளுக்கு நாற்பத்திரண்டு, எனக்கு ஐம்பத்தெட்டு. அதனால் நான் பெருசு.

"சாத்து. எனக்கும் முதுகு வலிக்குது," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஹார்லனின் ஆட்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்கள். பட்டறையில் நாங்கள் மட்டும்.

4:21. முதல் ஷாட்.

அச்சு திறந்தது. பாகங்கள் எல்லாம் காம்புகளில் காய்த்த மாதிரி ஒரே கொத்தாக வந்தன. கூரை, பானெட், இருக்கைகள், சக்கரங்கள்... எதிலும் ஒரு குறை இல்லை. நகத்தை விட மெல்லிய கண்ணாடிச் சட்டம்கூட முழுசாக இருந்தது. லோர்னா அழுதுவிட்டாள்.

"கேலி பண்ணினே, கொன்னுடுவேன்."

"நான் எங்கம்மா பண்ணேன்? மூக்கைத் தொடை. மெரிடியன் மேல ஒழுகுது."

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். கொத்தின் ஓரத்தில், தனிக் காம்பில் ஒரு மனிதன். பெருவிரல் அளவு. தொப்பி போட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பழைய டப்பாவில் இருந்த பாகங்களின் பட்டியல் எங்களிடம் இருந்தது. அதில் டிரைவர் கிடையாது.

"டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கான்," என்றேன்.

இருவரும் சிரித்தோம். லோர்னா கொண்டுவந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியில் ஆளுக்குப் பாதி தின்றோம்.

4:38. இரண்டாவது ஷாட்.

எல்லாம் முழுசு. டிரைவருக்கு மட்டும் வலது கையில் விரல்கள் இல்லை. பிளாஸ்டிக் மூலைவரை போய்ச் சேராவிட்டால் அப்படி ஆகும். அழுத்தத்தைக் கூட்டினேன்.

4:55. மூன்றாவது ஷாட்.

வலது கை முழங்கையோடு நின்றிருந்தது.

அழுத்தத்தைக் கூட்டினால் கை வளர வேண்டும். குறையக் கூடாது. இன்னொன்று. பிளாஸ்டிக் போய்ச் சேராத இடம் எப்போதும் உருண்டையாக, வழவழவென்று முடியும். இது அப்படி முடியவில்லை. தட்டையாக... நசுங்கியிருந்தது.

முதல் கொத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் அவன் வாய் ஒரு கோடு. இதில் திறந்திருந்தது.

"லோர்னா. இதைப் பாரு."

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வெளிச்சம் சரியில்ல. நீ மொதல்ல கண்ணாடியை மாத்து."

"எஃகும்மா அது. எஃகு வாயைத் திறக்காது."

"பயமா இருந்தா கார்ல போய் உக்காரு."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போதும், அச்சு நல்ல அச்சு, கழற்றிவிட்டுப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. முழு டிரைவரோடு ஒரே ஒரு ஷாட் வேண்டுமாம். ஆறு வருடம் தேடியவளிடம் யார் என்ன பேச முடியும்?

5:19. நாலாவது ஷாட்.

அச்சு திறந்தது. கொத்து வெளியே வரவில்லை. உள்ளே ஒட்டிக்கொண்டது.

இங்கே எங்கள் தொழிலின் விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சுக்குள் கை விடுவதற்கு முன் சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சை இறக்கி, உன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். உன் பெயரும் காரணமும் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி உன் பையில். வேறு யாரும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. வெட்டியே ஆகவேண்டும் என்றால், பூட்டுக்காரனை முதலில் உன் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்தவன் வாய்ச்சொல் செல்லாது.

இதைச் செய்யாதவர்களை நான் வாய் கிழியத் திட்டியிருக்கிறேன். அன்று என் பூட்டு காரில் கிடந்தது. ஒரு நொடி வேலைதானே என்று நினைத்துவிட்டேன்.

லோர்னா பித்தளைக் கம்பியோடு கையை உள்ளே விட்டாள்.

5:21.

ஸ்ஸ்ஸ்ஸ்...

மெஷின் கதவு திறந்திருந்தது. கதவு திறந்திருந்தால் அச்சு மூடாது. மூடவே மூடாது.

மூடியது.

"கையை எடு!"

டக்.

நின்றுவிட்டது. அவள் மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை தூரத்தில். மெஷினின் எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன. அவள் கையை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மெயின் சுவிட்ச் பன்னிரண்டு அடி தள்ளிச் சுவரில் இருந்தது. அங்கே யாரும் இல்லை. கைப்பிடி கீழே இறங்கியிருந்தது.

அதில் ஒரு பூட்டு.

பித்தளைப் பூட்டு. தொட்டேன். எண்ணெய் ஈரம் விரலில் ஒட்டியது. அட்டையில் பென்சில் எழுத்து.

பெயர்: ஹெச். வார்னெக்.
காரணம்: கை உள்ளே.

லோர்னா ஹார்லனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"வார்னெக்கா? அப்படி யாரும் எங்கிட்ட இல்லையே. என் ஆளுங்க எல்லாம் வீட்டுக்குப் போய்ட்டாங்க. எவனோ பழைய பூட்டை மாட்டியிருப்பான். வெட்டிடுங்க."

வெட்டாமல் வழியில்லை. மின்சாரம் இல்லாமல் அச்சை வெளியே எடுக்க முடியாது. காலையில் லாரி வந்துவிடும். பூட்டை வெட்டிக் கைப்பிடியைத் தூக்க வேண்டும். தூக்கினால் பாதி மூடிய அச்சு முதலில் முழுசாக மூடும். பிறகு திறக்கும்.

சுவரில் தொங்கிய கட்டரை எடுத்தேன்.

5:31.

தண்ணீர் சத்தம்.

பின்னால் கழுவுமிடத்தில் குழாய் ஓடியது. யாரோ கை கழுவினார்கள். நிதானமாக. சோப்பு போட்டுத் தேய்க்கிற சத்தம்கூடக் கேட்டது. சரக்... சரக்... சரக்...

"அங்க இருக்கான் பாரு," லோர்னா கிசுகிசுத்தாள். "கை கழுவுறான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரோ ஒரு வேலைக்காரன். பேய் இல்லை. பூட்டுக்காரன் கை வெளியே இருக்கிறது. அவ்வளவுதானே வேண்டும்?

கட்டரின் வாயைப் பூட்டில் வைத்தேன்.

5:33.

"வெட்டு. அவன் வெளியதான் இருக்கான்."

என் காதுக்குப் பக்கத்தில். மூச்சு பிடரியில் பட்டது.

கைகளை இறுக்கினேன்...

முப்பத்தொரு வருடப் பழக்கம். வெட்டுவதற்கு முன் தலையைத் திருப்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

லோர்னா பன்னிரண்டு அடி தள்ளி மெஷினில் குனிந்திருந்தாள். அந்த நாலு விரல்கடை சந்துக்குள்... முழங்கைவரை கை.

"லோர்னா!"

"என்ன? அதான் மெயின் அணைஞ்சிருக்கே." டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "பெருசு... டிரைவரைக் காணோம். காம்பு மட்டும் இருக்கு."

"நீ இப்ப என்ன சொன்னே?"

"எப்ப?"

"வெட்டுன்னு சொன்னியா?"

"நான் ஒண்ணுமே சொல்லல."

தண்ணீர் நின்றது.

சரக். சரக். இப்போது தேய்க்கிற சத்தம் மட்டும்.

அதுவும் நின்றது.

கட்டரைக் கீழே போட்டேன். அவள் கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஓடினோம்.

5:36 மணிக்கு கார் கிளம்பியது. பனி கொட்டுவது நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாசல் பனியில் எங்கள் இரண்டு பேரின் காலடித் தடங்கள் மட்டும்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹார்லனோடும், அச்சு வேலைக்காரர் யூஜீனோடும் போனோம். மெயின் சுவிட்ச் மேலே இருந்தது. பூட்டும் இல்லை, அட்டையும் இல்லை. கட்டர் நான் போட்ட இடத்தில் கிடந்தது. கழுவுமிடத்தில் யார் இருந்தார்கள் என்று ஹார்லனிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டிசம்பரில் குழாய் உறைந்து வெடித்ததிலிருந்து அங்கே தண்ணீரே இல்லையாம்.

யூஜீன் அச்சைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். டிரைவரின் காம்பு முடிகிற இடத்தைக் காட்டினேன். அங்கே குழியே இல்லை. பற்றவைத்து மூடி, வழவழவென்று தேய்த்திருந்தார்கள்.

"இது இப்பப் போட்டதில்ல," என்றார். "நாப்பது வருஷத்துக்கு மேல இருக்கும். இதுல எப்படிய்யா ஆள் வருவான்?"

லோர்னா முதல் மூன்று கொத்துகளை அவர் முன்னால் வைத்தாள். மூன்றிலும் அவன் இருந்தான். யூஜீன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர்தான், திரும்பி வரவேயில்லை.

எட்டு மணிக்கு லாரி வந்தது. அச்சு நூற்றுக்கு நூறு நல்ல அச்சு. லோர்னா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் மெரிடியன் அவளுடையது.

"உலைக்கே போகட்டும்," என்றாள்.

லாரி திருப்பத்தில் மறையும்வரை வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. ஏப்ரலில் கம்பெனியை மூடினோம்.

இரண்டு வருடம் கழித்து, அந்தப் பெயரை விடாமல் தேடிய லோர்னா, மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பழைய விசாரணை அறிக்கையின் நகலை வாங்கி எனக்கு அனுப்பினாள்.

1969 நவம்பர் 20, வியாழக்கிழமை. இப்போது இல்லாத ஒரு தொழிற்சாலை. மெஷினில் இருந்தது மெரிடியன் அச்சு. ஹாலிஸ் வார்னெக், வயது முப்பத்துநாலு, சிக்கிய கொத்தை எடுக்க உள்ளே குனிந்தார். முறைப்படி மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டியிருந்தார். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் மாறியது. புதிதாக வந்த மேஸ்திரி நின்ற இடத்திலிருந்து பார்த்தால், வார்னெக் குனிந்திருந்த மறுபக்கம் தெரியாது. அவர் பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தான். ஆனாலும் அவன் எடுத்தவுடன் வெட்டிவிடவில்லை. வார்னெக்கின் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டான்.

போனை எடுத்தது அவர் மனைவி. அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"வந்துட்டாரே. பின்னாடி ரூம்ல கை கழுவிட்டிருக்காரு. சத்தம் கேக்குது. கூப்பிடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போனை வைத்தான். பூட்டை வெட்டினான். அறிக்கையில் நேரம் போட்டிருக்கிறது. மாலை 5:33.

விசாரணையில் அந்தம்மாவிடம் மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். வாக்குமூலத்தை அவர் மாற்றவே இல்லை.