நனையக் கூடாத கார்

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் மெலிந்த மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் துணியை மடித்து வைத்திருப்பார். கார் வாங்கிய நாள் முதல் அவருக்கு ஒரே கவலை: பெயின்டைக் காக்க மெழுகு பூசுவதா, பொலிமர் சீலன்ட் பூசுவதா? மெழுகு பளபளக்கும், ஆனால் இரண்டு மாதத்தில் போய்விடும். சீலன்ட் அரை வருடம் நிற்கும் என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்களுக்குக்கூட விளக்குவார்.

கடைசியில் அவர் சீலன்ட் பூசிய அன்றுதான் நிறைமாதமாக இருந்த என் மனைவிக்கு வலி எடுத்தது. தோட்டத்து லொறி பழுதாகிக் கிடந்தது. தூறலில் ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன்.

"ஐயா, காரை எடுங்க. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் கார்க் கொட்டகையைப் பார்த்தார். "இப்பத்தானே பூசினேன். பன்னிரண்டு மணித்தியாலம் நனையக் கூடாதுப்பா."

ஆட்டோ பிடித்துக் குலுங்கிக் குலுங்கிப் போனோம். பாதி வழியில், ஆட்டோவுக்குள்ளேயே மகள் பிறந்தாள். நல்லவேளை, இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுவாரம் அவர் பழங்களோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"மெழுகு பூசியிருந்தேன்னா கட்டாயம் வந்திருப்பேன்" என்றார்.

அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. எதற்கான வருத்தம் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.