தாளம் தப்பிய ஜெபம்

எழுபத்தொன்றாம் வருடம், லெந்து என்கிற தவக்கால நாட்களில், என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். மயிலாப்பூரில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், குரல் போய்விடும் என்றார் டாக்டர். "பாட்டு போனப்புறம் நான் எதுக்கு இருக்கணும், நீயே சொல்லு" என்று கேட்டார். அழுது, சண்டை போட்டு, நான்தான் சம்மதிக்க வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சி கொண்டுபோனால் கையைத் தட்டிவிடுவார். ஆலயத்திலிருந்து யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "இன்னாம்மா இது, இப்டித் துன்னாமலே கீறாரே, ஒடம்பு தாங்குமா?" என்றாள். சம்மதிக்க வைத்துத் தப்பு பண்ணிவிட்டேனோ என்று எனக்குத் தோன்றியது. "குரலைத் தராவிட்டால் போகிறது, ஆண்டவரே. ஆளையாவது என் பக்கம் திருப்பும்" என்று முழங்காலில் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் உண்டு. முதல் பாட்டை எப்போதும் அவர்தான் எடுப்பார். நான் பின்னால் முனகுவேன். எனக்குத் தாளமே நிற்காது. குழுவில் சேர்கிறேன் என்று கேட்டதற்கு, "நீ சமைச்சுப் போட்டாலே போதும் தாயே" என்று கும்பிட்டவர் அவர். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கட்டிலருகே பாட்டே இல்லாமல் ஜெபம் நடந்தது. ஒரு நாள் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. ஜெபிக்க வாய் வரவில்லை. 'ஏன் பேசாமல் இருக்கிறீர், என் ஐயா' என்று தோன்றியதை இழுத்துப் பாடினேன். அழுகையும் சேர்ந்துகொள்ள, தாளம் கன்னாபின்னாவென்று ஓடியது.

கட்டில் சட்டத்தில் டப்பென்று ஒரு அடி விழுந்தது. பார்த்தால், அவர் என் பக்கம் திரும்பியிருந்தார். முகத்தில் அப்படி ஓர் எரிச்சல். மறுபடி பாடு என்று கையைக் காட்டினார். தப்பிய இடத்தில் மறுபடி அடித்தார். சரியாக வரும்வரை என்னை விடவில்லை. அந்த எரிச்சலுக்காக நான் ஆண்டவருக்கு எத்தனை தோத்திரம் சொன்னேன் தெரியுமா. அன்றைக்குக் கஞ்சியும் குடித்தார்.

இப்போது சபையார் நீங்கள் ஊரெல்லாம் பாடுகிறீர்களே, அந்தப் பாட்டு இதுதான். தேவதூதர் கனவில் வந்து கொடுத்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சொல் என்னுடையது, தாளம் அவர் விரல் போட்டது. சரணங்கள் எல்லாம் அந்தக் கட்டிலில்தான் பிறந்தன.

அதன்பின் மூன்று வருடம் இருந்தார். ஆலயத்துக்கு வந்து, பேசாமலே குழுவை நடத்தினார். பிறகு நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. குரல் கடைசிவரை வரவில்லை. நான் கேட்டதைக் கர்த்தர் தந்தார். அதற்கு மேல் தரவில்லையே என்று இன்றும் அழுவேன். ஆனால் நன்றி சொல்லாமல் ஒரு நாளும் படுத்ததில்லை.

அடக்கத்தன்று குழு அந்தப் பாட்டைப் பாடியது. நானும் பாடினேன். இரண்டாம் சரணத்தில் தாளம் தப்பியது. யாரும் அதட்டவில்லை. தப்பாகவே பாடி முடித்தேன். ஜெபிக்க வார்த்தை வராமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? சரியாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தப்பாகவே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அவர் திரும்பிப் பார்ப்பார்.