எட்டு மாதத் தலைவலி

பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவருக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் பம்பரம். டீ டம்ளரைக் கையில் வாங்கினால் குடித்து முடிப்பதற்குள் நாலு அறையைச் சுற்றிவிடுவார். வீட்டில் எந்த வேலையும் பாதியில் நிற்கும்.

அவர் மனைவி தையல்காரி. எட்டு மாதமாக அவளுக்குத் தலைவலி. கண் டாக்டர், காது டாக்டர் என்று அலைந்ததுதான் மிச்சம்.

"கார்ல ஏறினாத்தாங்க வருது," என்பாள்.

"எல்லாம் மனப்பிரமை," என்று தட்டிக்கழிப்பார்.

அந்தச் சனிக்கிழமை, சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்ற மெக்கானிக் ஒருவன், இவர் காரின் டக்டக் சத்தத்தைக் கேட்டுத் தலையை நீட்டினான். "மேனிஃபோல்டு கேஸ்கெட் போயிருக்கு சார், இன்ஜின்ல புகைக்குழாய் சேர்ற இடத்துல வைக்கிற தகடு. கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டாதீங்க. புகை உள்ள வந்தா தலைய வலிக்கும்."

அவருக்குச் சுரீரென்றது. அவர் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருக்கும். அவள் பக்கத்தில் கண்ணாடியை இறக்கும் பிடியைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கழற்றிப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது; அதிலிருந்து அந்தக் கண்ணாடி ஏறியபடியேதான் இருக்கிறது.

கேஸ்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். வந்த வேகத்தில் பானட்டைத் திறந்து கையை விட, கொதிக்கும் இரும்பு மணிக்கட்டைப் பொசுக்கியது.

அவள் களிம்பு தடவினாள். "ஆறட்டும். அதுவரைக்கும் உக்காருங்க."

எங்கே உட்கார? வாசலுக்கும் காருக்கும் நடையாய் நடந்தார். ஒரு மணி நேரம் கழித்து மேல்தகட்டைக் கழற்றி, நட்டுகளில் எண்ணெய் விட்டார். ஐந்து கழன்றன. ஆறாவது துருவேறி அசைய மறுத்தது. ஸ்பானரில் ஏறி நிற்காத குறையாக அழுத்தினார்.

"உடைச்சிடாதீங்க. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற விடுங்க. அப்புறம் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்திப் பாருங்க," என்றாள், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுப் பழகியவள்.

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். முன்னும் பின்னுமாக அசைத்ததில் நட்டு முனகிக்கொண்டே கழன்றது. மேனிஃபோல்டு குழாயை இழுத்ததும் பழைய கேஸ்கெட் கையோடு வந்தது. ஒரு ஓரம் வெடித்து, புகை போன வழியெல்லாம் கன்னங்கரேலென்று கரி.

அவள் அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலை அவர் முன்னால் நீட்டிக் காட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்," என்றார்.

"ஆமா," என்றாள்.

இரும்பின் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டித் துடைத்தார். புதியதை வைத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி, மூன்று சுற்றாக இறுக்கினார். எழுந்து நடக்க வேண்டும்போல் கால் துடித்தது; அடக்கிக்கொண்டார். சாவியைத் திருப்பியபோது டக்டக் சத்தம் இல்லை. அப்போதும் மனசு கேட்காமல், அவள் பக்கத்துக் கண்ணாடிக்கும் பிடியை மாட்டிவிட்டுத்தான் கையைக் கழுவினார்.

மாலையில் ஊரைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். முதல் திருப்பத்தில் கேட்டார்: "வலிக்குதா?"

"இல்ல."

பாலத்தில் கேட்டார். கடைவீதியில் இரண்டு முறை கேட்டார்.

"இப்ப லேசா வலிக்குது," என்றாள்.

பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார்.

"கார்னால இல்லங்க. நீங்க கேட்டுக் கேட்டே."