அக்கா எழுதிய பூஜ்யங்கள்

மலேசியாவில் கெடா மாநிலத்து லூனாஸுக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகியும் காலையில் ஒரு கேள்விக்கு நான் தடுமாறுகிறேன். "பசியாறிட்டியா தம்பி?" என்பார் சரசு அக்கா. கோவையில் "டிபன் ஆச்சா?" என்பதோடு சரி. பசியாறுவது அன்னதான வரிசையில் நிற்பவர்கள் செய்வது என்று வந்த புதிதில் உள்ளுக்குள் சிரித்தேன். அக்கா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் கணினி அறையைக் கவனித்தவர். திரையில் தெரியும் அளவுகளை மணிக்கொரு முறை நோட்டில் எழுதுவது அவர் வேலை. அவர் பேச்சின் கடைசியில் மலாய்க்காரர் பாணியில் 'லா' ஒட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் என் தமிழ் ஒரு படி உயர்ந்ததாக எனக்கொரு நினைப்பு.

தொழிற்சாலையின் கணினிகள் லினக்ஸ் இயங்குதளத்திலிருந்து ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொன்றுக்கு மாறின. அவற்றின் சூட்டையும் சுமையையும் காட்டும் கண்காணிப்பு நிரலை நான் அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும். இரண்டும் பங்காளிகள்தான், வீட்டு வழக்கம்தான் வேறு. லினக்ஸ் தன் சூட்டை ஒரு கோப்பில் வைத்திருக்கும், எட்டிப் பார்த்தால் போதும். ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கென்று ஒரு துணை நிரலை ஏற்றிவிட்டு, பிறகு கேட்க வேண்டும். நான் ஏற்றவில்லை. பதில் வராத இடத்தில், இப்போதைக்கு இருக்கட்டும் என்று பூஜ்யத்தைப் போட்டேன். கோவையில் வாடிக்கையாளர் வரும் நாளில் நாங்கள் எல்லாரும் செய்ததுதான். திரையில் எச்சரிக்கைச் சிவப்பு கண்ணில் படக்கூடாது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திரை பச்சைப்பசேலென்று இருந்தது.

"தம்பி, சூடு ஸீரோன்னு காட்டுது. கெடாவுல ஏது ஐஸு? மெஷின் பக்கத்துல போனா பானாஸா அடிக்குது லா," என்றார் அக்கா. பானாஸ் என்றால் சூடு.

"ஸீரோன்னா பிரச்சனை இல்லைன்னு அர்த்தம்க்கா. நீங்க எழுதுங்க."

கூசாமல் சொன்னேன். அவரும் மூன்று நாள் பூஜ்யம் பூஜ்யமாக எழுதினார். அறையின் குளிர்சாதனம் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் கணினி வெந்து அணைந்தது, உற்பத்தி நின்றது. மேலாளர் நோட்டைப் புரட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார். அக்கா ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். அக்காவைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை அது.

இரண்டு வாரம் கழித்துத்தான் அவரிடம் போக எனக்குத் தைரியம் வந்தது. "ஏன்க்கா நான் சொன்னேன்னு சொல்லல?"

"சொன்னா உன் பெர்மிட் என்னாவறது? ஊர்ல அம்மா இருக்காங்கல்ல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே மேலாளரிடம் போய், "சாயா பூஞ்ஞா சாலா," என் தவறு என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். நிரலைத் திறந்தும் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. என் தோளைத் தட்டி, "சத்து பங்சா. சாயா ஃபஹாம் லா," என்று சிரித்தார். நீங்கள் இருவரும் ஒரே இனம், எனக்குப் புரிகிறது என்று பொருள். அக்காவைக் காப்பாற்ற நான் பழியைத் தலையில் போட்டுக்கொள்வதாக நினைத்துவிட்டார். எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. நல்ல பையன் என்று பெயரும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது நிரல், பதில் கிடைக்காத இடத்தில் 'தெரியவில்லை' என்று காட்டுகிறது. அக்கா இன்னும் பெட்டிதான் கட்டுகிறார். காலையில் கேன்டீனில் பெட்டி கட்டுபவர்கள் கூட்டமாக உட்காரும் பெஞ்சில் என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விடுகிறார். "பசியாறிட்டியா தம்பி?" பசியோடுதான் நிற்கிறேன். ஆச்சுக்கா என்று சொல்லிவிட்டு, தட்டோடு வேறு மேசைக்குப் போகிறேன்.